மெதுவாக அனுப்பவும்

ஜூன் 3

காபியை ஊதி ஆற்ற முடியாது என்று இன்று தெரிந்துகொண்டேன். டம்ளரை வாயருகே கொண்டுபோய் உதட்டைக் குவித்தேன். காற்று வரவில்லை. கழுத்திலுள்ள ஓட்டை வழியாகப் போய்விட்டது. அங்கே கட்டியிருந்த துணிதான் லேசாக ஆடியது. என் மனைவி ரெஜினா பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு டம்ளர் எடுத்துவந்து ஆற்றிக் கொடுத்தாள்.

புற்றுநோய் என்று போன மாதம் மதுரையில் என் குரல்வளையை எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். பேச்சு வராது, வாசனை தெரியாது, குளிக்கும்போது கழுத்துக்குள் தண்ணீர் போகக்கூடாது. காபியை மட்டும் விட்டுவிட்டார்.

இது ஒலி ஒளி அமைப்பாளர் சங்கத்தில் கொடுத்த டைரி. இதுவரை காலியாகக் கிடந்தது. பேசுகிறவனுக்கு டைரி எதற்கு? திண்டுக்கல்லில் இன்னாசி மைக் செட் என்றால் தெரியாதவர்கள் குறைவு. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றிலும் செட்டும் என்னுடையது, அறிவிப்பும் என்னுடையது. கூட்டத்தில் தொலைந்த பிள்ளையின் பெயரை நான் மைக்கில் சொன்னால் அது அழுகையை நிறுத்திவிடும் என்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் கேட்க நன்றாக இருக்கும்.

ஜூன் 9

செட்டுகளையெல்லாம் கொடுத்தாயிற்று. மாடியில் என் ஹாம் ரேடியோ மட்டும் இருக்கிறது. அதற்கும் தொழிலுக்கும் சம்பந்தமில்லை. பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, முகம் தெரியாத ஆட்களோடு வீட்டிலிருந்தே பேசுகிற பழக்கம். "பகல் பூராம் மைக்குல கத்திட்டு வந்து, ராத்திரியும் மைக்கா?" என்று ரெஜினா முன்பெல்லாம் கேட்பாள்.

காலையில் ரேடியோவிலேயே எங்கள் கூட்டம் கூடும். கரூர் கோதண்டபாணி சார் நடத்துவார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பார். இன்று செட்டைப் போட்டுக் கேட்டேன். என் முறை வந்தபோது, "நம்ம இன்னாசி கேட்டுக்கிட்டு இருந்தா, நாங்கல்லாம் விசாரிச்சதா வச்சுக்கங்க" என்றார். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எனக்காக விட்ட இடம். அதில் இரைச்சல்தான் இருந்தது.

ஜூன் 22

ரெஜினா கழுத்துத் துணிகளைத் தைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தது வெள்ளை. இவள் என் சட்டைகளை விரித்து வைத்து, ஜாக்கெட் லைனிங் துணியில் அந்தந்த நிறத்துக்குப் பொருத்தமாக வெட்டியிருக்கிறாள். "வெள்ளத் துணியக் கட்டிட்டுத் திரிஞ்சா பாக்குறவங்க காயம்னு நினைப்பாங்க" என்றாள்.

காயம்தானே என்று சிலேட்டில் எழுதினேன். அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்குக் குரல் வேண்டும் போலிருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

கழுத்தில் அழுத்திப் பேசுகிற கருவி வந்துவிட்டது. டார்ச் லைட் மாதிரி இருக்கிறது. தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினால் அதிர்கிறது. அந்த அதிர்வை வாயசைத்து வார்த்தையாக்க வேண்டும். வேறு வழிகளும் உண்டாம். கதிர்வீச்சு கொடுத்த கழுத்து முதலில் ஆறட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கண்ணாடி முன்னால் பழகினேன். இன்று காலை துணிந்து மாடிக்குப் போனேன். என் முறை வந்ததும் பட்டனை அமுக்கி, கருவியை வைத்து, "எல்லாருக்கும் வணக்கம், இன்னாசி பேசுறேன்" என்றேன்.

அப்புறம் கோதண்டபாணி சார், "யாரோ செட்ட ஆன் பண்ணிட்டு விட்டுட்டீங்க. ஒரே ஹம்மா இரையுது. கிரவுண்ட் வயரப் பாருங்க" என்றார்.

மறுபடியும் சொன்னேன்.

"இன்னமும் ஹம் வருதுங்க. யாருன்னு தெரியல. தயவுபண்ணி ஆஃப் பண்ணுங்க."

ஆஃப் பண்ணினேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முப்பது வருஷம் ஸ்பீக்கரோடு வாழ்ந்தவன் நான். அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஜூலை 7

செட்டைத் துணி போட்டு மூடினேன்.

ஜூலை 20

வேடசந்தூர் சிக்கந்தர் வந்தார். டயர் கடை வைத்திருக்கிறார். என்னைவிடச் சின்னவர், எங்கள் காலைக் கூட்டத்து ஆள். வந்தவர் உட்காரவேயில்லை.

"அண்ணே, அன்னைக்கு ஹம்முன்னு சொன்னது உங்களத்தானே?"

தலையாட்டினேன்.

"எனக்கு அப்பவே சந்தேகம். சார்கிட்டச் சொன்னேன். மனுசன் போன்லயே அழுதுட்டாரு." கைப்பையைத் திறந்து பித்தளையில், தந்தி அடிக்கிற ஒரு மோர்ஸ் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "வாய்தானே போச்சு. கையால பேசுங்க."

என்னுடையது கீழ்நிலை லைசென்ஸ். குரலுக்கு மட்டும் அனுமதி. மோர்ஸ் அனுப்ப வேண்டுமென்றால் மேல்நிலை லைசென்ஸ் வேண்டும். அதற்குச் சென்னைக்குப் போய் நிமிடத்துக்கு எட்டு வார்த்தை வேகத்தில் கேட்டு எழுதவும் அனுப்பவும் தெரியும் என்று தேர்வில் காட்ட வேண்டும். அந்தக் காலத்தில், பேசத் தெரிந்தவனுக்கு டொக்கு டொக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். சிக்கந்தர் அப்போதே எழுதித் தேறியவர்.

அவர் போன பிறகு ரெஜினா சாவியைத் தொட்டுப் பார்த்தாள். "தையல் மெஷின் பெடல் கணக்கா இருக்கு" என்றாள்.

ஆகஸ்ட் 4

சின்னச் சத்தம் 'டிட்'. நீண்ட சத்தம் 'டா'. ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் இவற்றில் ஒரு கோர்வை. இரண்டே இரண்டை வைத்துக்கொண்டு உலகத்தையே சொல்லிவிடலாம். பழைய காலிங்பெல் பஸ்ஸரில் ஒரு பயிற்சிப் பெட்டி செய்துகொண்டேன். ரேடியோவோடு தொடர்பில்லாதது, இதற்கு லைசென்ஸ் வேண்டாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சிக்கந்தர் ஞாயிறுதோறும் வருகிறார். அவர் அனுப்புவார், நான் எழுதுவேன். ஒரு எழுத்து புரியாவிட்டால் அங்கேயே நின்றுவிடுகிறேன். அதற்குள் அடுத்த நாலு எழுத்து போய்விடுகிறது.

"விட்டதத் தேடிப் போகாதீங்கண்ணே. கோடு போட்டுட்டு அடுத்ததக் கேளுங்க" என்கிறார்.

கேட்பது எனக்கு வராது. அதுதான் இப்போது புரிகிறது. இத்தனை வருஷம் ஹாம் ரேடியோவில் இருந்தும், மற்றவர் பேசும்போது அடுத்து நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

வீட்டில் இரண்டே பேர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ரெஜினா அதிகம் பேசமாட்டாள் என்றே நினைத்திருந்தேன். பேசுகிறாள். சமையலறையில், தையல் மெஷினில், கீரைக்காரியிடம். துணிக்கு அளவெடுக்க வந்த பெண்ணிடம் இன்று அவள் சொன்ன ஒரு கதைக்கு நான் மாடியில் தனியாகச் சிரித்தேன். சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கும்.

செப்டம்பர் 14

சவரம் செய்யும்போது இடது தாடைக்குக் கீழே சிறிதாக ஏதோ தட்டுப்பட்டது. முடி உள்ளே வளர்ந்திருக்கும்.

செப்டம்பர் 28

எட்டு வார்த்தை வேகம் வந்துவிட்டது. சிக்கந்தர் கை கொடுத்தார். ரெஜினா கேசரி செய்தாள். நெய் மணம் தெரியவில்லை, நாக்கில் இனிப்பு தெரிந்தது.

முடி இன்னும் சரியாகவில்லை.

அக்டோபர் 15

சென்னை. தேர்வு முடிந்தது.

வருகைப் பதிவில் அதிகாரி அம்மா என் பெயரைக் கூப்பிட்டார். கை தூக்கினேன். "பேர் சொன்னா எந்திரிச்சு பதில் சொல்லணும்" என்றார். வாசலில் நின்ற ரெஜினா உள்ளே வந்துவிட்டாள். "மேடம், அவருக்குக் குரல் எடுத்தாச்சு" என்று அந்த ஹாலில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். பிறகு என்னை முதல் வரிசையில், ஸ்பீக்கருக்கு அருகே உட்காரச் சொன்னார்.

கேட்டு எழுதும்போது பாதியில் இருமல் வந்தது. என் இருமல் வாயில் வராது. கழுத்திலிருந்து வெடித்து வரும். பக்கத்தில் இருந்த பையன்கள் பயந்து திரும்பிப் பார்த்தார்கள். மூன்று எழுத்து போனது. கோடு போட்டுவிட்டு அடுத்ததைக் கேட்டேன்.

ரயிலில் ரெஜினா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். திண்டுக்கல் வரும்வரை நான் அசையவில்லை.

நவம்பர் 11

தேறிவிட்டேன். ஆனால் லைசென்ஸ் கைக்கு வர போலீஸ் விசாரணை முடிய வேண்டும்.

ரெஜினா புதிதாக ஆறு கழுத்துத் துணிகள் தைத்திருக்கிறாள். பட்டை முன்பைவிட நீளமாக இருக்கிறது, இடப்பக்கம் அகலமாகவும். அளவு மறந்துவிட்டாள் போல. ஆனால் கட்டிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 26

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் வந்தார். வயதானவர், மரியாதையானவர். பேப்பரைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார், மறுபடி பேப்பரைப் பார்த்தார்.

"பேச முடியாதவருக்கு வயர்லெஸ் எதுக்கும்மா?"

"பேச முடியாததுனாலதான் சார்" என்றாள் ரெஜினா.

"இதென்ன, ரகசிய பாஷையா?"

"ரகசியமெல்லாம் இல்ல சார். உலகத்துல யாரு வேணாலும் கேக்கலாம். இவங்க என்ன பேசுறாங்கன்னு கேட்டீங்கன்னா உங்களுக்குத் தூக்கம் வந்துரும். அங்க மழை பெஞ்சுச்சா, இங்க வெயிலா, சத்தம் தெளிவா கேக்குதா... அம்புட்டுத்தான். இதுக்கு ஒரு பரீட்ச. மெட்ராஸ் வரைக்கும் போயி எழுதிட்டு வந்திருக்காரு. ஊருக்கெல்லாம் மைக்குல கூப்பிட்டுச் சொன்ன மனுசன் சார். இன்னைக்கு மாடியில ஒத்தையா உக்காந்து கேட்டுக்கிட்டு மட்டும் இருக்காரு. கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

ரெஜினா ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "எங்க அக்கா மக கல்யாணத்துக்கு உங்க செட்டுத்தான் சார்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். காபி குடித்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 14

சிக்கந்தருக்குப் பொறுமை இல்லை. "பாஸ் பண்ணியாச்சு, பேப்பர்தானே பாக்கி. எங்க வீட்டுக்கு வாங்க. என் கால்சைன்லயே அடிங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

மாட்டேன் என்று எழுதினேன். லைசென்ஸ் இல்லாமல் ஒரு டிட்டும் அனுப்ப மாட்டேன். இதில் நான் கறார். காற்றில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. சொல்கிற பெயரும், கால்சைன் என்கிற அடையாளக் குறியும் நிஜமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

அவர் போனதும் ரெஜினா பாத்திரத்தைத் தடாலென்று வைத்தாள். "அது வரும்போது வரட்டும்னு உக்காந்திருக்கீங்களே, நாளு என்ன கொட்டியா கிடக்கு?" என்றாள். சொன்னவள் அப்படியே நின்றாள். பிறகு கொடியில் துணி காய்கிறதா என்று பார்க்கப் போனாள்.

நான் துணி எடுக்க உதவினேன். அவள் சொன்னதைப் பற்றி யோசிக்கவில்லை.

டிசம்பர் 25

நள்ளிரவுப் பூசைக்குப் போகவில்லை. குளிர் கழுத்துக்கு ஆகாது. ரெஜினாவும் போகவில்லை. வாசலில் ஸ்டார் கட்டினாள். கோயில் மைக்கில் யாரோ புதுப் பையன் பேசினான். ட்ரெபிள் அதிகம், காதைக் கீறியது.

ஜனவரி 9

மதுரை போய்வந்தோம். ஸ்கேன் எடுத்தார்கள். இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டேன். வலிக்குப் புது மாத்திரை கொடுத்தார். என்ன வேண்டுமோ சாப்பிடலாம், எங்கே வேண்டுமோ போகலாம் என்றார். ரொம்பத் தங்கமான டாக்டர்.

பஸ்ஸில் ரெஜினா ஜன்னல் பக்கமாகவே திரும்பி உட்கார்ந்திருந்தாள். வாடிப்பட்டி தாண்டியதும் சிலேட்டை அவள் மடியில் வைத்தேன். "அழாதே" என்று எழுதியிருந்தேன். "வெயிலு கண்ணுல அடிக்குது" என்றாள்.

வெயில் எங்கள் பக்கம் இல்லை.

ஜனவரி 21

மாத்திரை போட்டால் தூக்கமாக வருகிறது.

ஜனவரி 30

லைசென்ஸ் வந்தது. தபால்காரர் பதிவுத் தபால் என்று கூப்பிட்டபோது தூங்கிக்கொண்டிருந்தேன். ரெஜினா எழுப்பினாள். உறையை அவளையே பிரிக்கச் சொன்னேன். என் பெயர், வீட்டு முகவரி, புதுக் கால்சைன். குனிந்து கையெழுத்துப் போட நேரமானது. கை இப்போது கொஞ்சம் நடுங்குகிறது.

பிப்ரவரி 1

சிக்கந்தர் தூரத்துக்குப் பேசும் தன் பெரிய செட்டையே கொண்டுவந்துவிட்டார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து எதிர்வீட்டுக் கம்பம்வரை வயர் இழுத்தார். மாடி ஏற முடியவில்லை என்பதால் செட்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். "மொத ஆளா நான் கூப்புடுறேன், வீட்டுக்குப் போயி" என்றார். வேண்டாம் என்று எழுதினேன். தெரிந்தவர் கரிசனத்தோடு கேட்பார். என்னைத் தெரியாத ஒருவர் வேண்டும்.

அவர் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு புரிந்துகொண்டு என் முழங்காலைத் தட்டினார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மத்தியான மாத்திரையை விழுங்கவில்லை. தலை தெளிவாக இருக்க வேண்டும். தலையணைக்கு அடியில் வைத்தேன். ரெஜினா பார்த்துவிட்டாள். எடுத்துத் தரவுமில்லை, திட்டவுமில்லை. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து என்னைச் சாய்த்து உட்காரவைத்தாள்.

சாயங்காலம் செட்டைப் போட்டேன். முதலில் கொஞ்ச நேரம் கேட்டேன். அந்த அலைவரிசையில் யாருமில்லை. யாராவது பேசிக்கொண்டிருக்கிறீர்களா என்று ஒரு முறை கேட்டுவிட்டு, யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்கிற பொது அழைப்பை அனுப்பினேன். என் கால்சைன் என் கையிலிருந்து போனது. பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். இல்லை. வலி தோளுக்கு ஏறியது.

"போதும்ங்க, நாளைக்குப் பாக்கலாம்" என்றாள் ரெஜினா.

இன்னும் ஒரு தடவை என்று விரலைக் காட்டினேன்.

பதில் வந்தது. மெல்லிய, சுத்தமான சத்தம். என் கால்சைனை எனக்கே திருப்பி அனுப்பி, தன்னுடையதைச் சொன்னார் அவர். என் கை தடுமாறுவது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். நான் எந்த வேகத்தில் அனுப்பினேனோ அதே வேகத்துக்கு இறங்கி, ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே இடம் விட்டு அனுப்பினார். கேட்காமலேயே. ஹாம் ரேடியோவில் இதைவிட மேலான மரியாதை கிடையாது.

பெயர் ஹேமந்தா. ஊர் அசாமில் ஜோர்ஹாட். என் பெயர், ஊர், அவருடைய சத்தம் எப்படிக் கேட்கிறது என்பதெல்லாம் அனுப்பினேன்.

"என்ன சொல்றாரு?" என்றாள் ரெஜினா.

அங்கே பனியாம் என்று சிலேட்டில் எழுதினேன்.

"உடம்பப் பத்திக் கேட்டாரா?"

இல்லை.

"சொல்லாதீங்க."

சொல்லவில்லை. அந்த அரைமணி நேரம் ஹேமந்தாவுக்கு நான் திண்டுக்கல்லில் இருக்கும் ஒரு மனிதன். கொஞ்சம் மெதுவானவன். அவ்வளவே. கழுத்தில் ஓட்டையில்லை, கட்டியில்லை. எனக்குக் குரல் இல்லை என்பதே அவருக்குத் தெரியாது, அவரும்தான் பேசவில்லையே.

மனைவி டீ கொண்டுவந்திருக்கிறாள் என்று அவர் அனுப்பினார். எங்கள் பாஷையில் மனைவிக்கு மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்று உண்டு. யாரும் பெயர் சொல்வதில்லை. ரெஜினாவுக்கு எழுதிக் காட்டினேன்.

"அந்தம்மா பேரு என்ன?"

கேட்கும் வழக்கமில்லை என்று கையசைத்தேன்.

"கேளுங்களேன். டீ போட்டுக் குடுக்குறவளுக்குப் பேரு இருக்காதா?"

கேட்டேன். கொஞ்சம் தாமதம். அவர் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். ஜூனு என்று வந்தது. உங்கள் மனைவி பெயர் என்று அவரும் கேட்டார்.

அனுப்பினேன். மூன்றாவது எழுத்தில் விரல் வழுக்கியது. தவறு என்பதற்கான குறியை அனுப்பிவிட்டு, முதலிலிருந்து சரியாக அனுப்பினேன். ரெஜினா. நல்ல பெயர் என்று அவர் திருப்பி அனுப்பினார்.

"இப்ப வந்துச்சே, அதுல எது என் பேரு?"

சிலேட்டை எடுத்தேன். அவள் அதை நகர்த்தி வைத்தாள். "எழுத வேணாம். திரும்ப அனுப்பச் சொல்லுங்க, கேக்குறேன்."

ஒருவர் அனுப்பியது தெளிவாகக் கிடைத்திருந்தால் மறுபடி அனுப்பச் சொல்லக்கூடாது. அடுத்தவர் நேரத்தையும் கையையும் வீணாக்குவது அது. எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கிடைத்திருந்தது. கிடைக்கவில்லை, பெயரைத் திரும்ப அனுப்பவும், மெதுவாக அனுப்பவும் என்று அனுப்பினேன்.

அவர் அனுப்பினார். மூன்று தடவை. பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

டிடாடிட். டிட். டாடாடிட். டிடிட். டாடிட். டிடா.

ரெஜினா ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் அவளைப் பார்த்து நான் விரலை மடக்கினேன். முடிந்தபிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

"என் பேரச் சொல்ல இம்புட்டு நேரம் ஆகுமா?" என்றாள்.

ஹேமந்தாவுக்கு நன்றி சொன்னேன். மறுபடி சந்திப்போம் என்று அவர் அனுப்பினார். நான் வாழ்த்துகள் என்று மட்டும் அனுப்பி முடித்தேன்.

தலையணைக்கு அடியிலிருந்த மாத்திரையை ரெஜினா எடுத்துக் கொடுத்தாள். தண்ணீரோடு விழுங்கினேன்.

பிப்ரவரி 13

எழுத முடியவில்லை. நேற்றும் அதற்கு முந்தின நாளும் தூக்கம். கோதண்டபாணி சார் கரூரிலிருந்து வந்து போனாராம். என் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாராம்.

பிப்ரவரி 17

சாயங்காலம் விழித்தபோது டிட் டா சத்தம் கேட்டது. கனவு என்று நினைத்தேன். ரெஜினா செட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சிக்கந்தர் ஆன் பண்ணிக் காட்டிக்கொடுத்தாராம். ஒரு எழுத்தும் தெரியாது அவளுக்கு. முழங்கையை மேசையில் ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் விழித்ததைப் பார்த்துவிட்டு, "யாரோ ஒருத்தரு ரொம்ப நேரமாக் கூப்புட்டுக்கிட்டே இருக்காருங்க" என்றாள். "ஒரே மாதிரி வருது. நிக்கிது. மறுபடி வருது. யாரும் பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க."

கேட்டேன். பொது அழைப்புதான். மெதுவான, தட்டுத்தடுமாறும் கை. புதிதாகப் பழகுகிறவர் யாரோ.

என்னை நிமிர்த்தி உட்காரவை என்று சிலேட்டில் எழுதினேன்.